வீட்டுக்கு ஊதுபத்திச் சோதனை: எந்தச் சந்தை அடைப்பது, எதைத் திறந்து விடுவது?



அண்மையில் மாதம்பைப் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றின் லயத்துக்குப் போயிருந்தோம். கடைசிக் காம்பராவில் குடியிருக்கும் தாய் ஒருவர் எங்களை உள்ளே அழைத்து, சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் காட்டினார். உரப் பைகளைச் சுருட்டி இறுக்கமாகத் திணித்து, மேலே சீமெந்தும் பூசியிருந்தார்கள்.

"கனடாவில இருக்கிற எங்க அக்கா மகன் வீட்டுக்கு ஆளுங்க வந்து, வாசல்ல பெரிய காத்தாடி பூட்டி, எங்க எங்க ஓட்டை இருக்குன்னு பாத்தாங்களாம் ஐயா. எல்லாத்தையும் அடைச்ச பிறகு பில் நல்லா குறைஞ்சிருச்சாம். அதான் நாங்களும் அடைச்சோம். ஆனா எங்களுக்கு பில் குறையல்ல. வீட்டுக்குள்ள இருக்கவும் முடியல்ல" என்றார்.

குசினிச் சுவர் கரியேறிக் கிடந்தது. அடுப்பில் தென்னம்மட்டை எரிந்துகொண்டிருந்தது. சின்ன மகள் இருமிக்கொண்டே எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள்.

அந்தத் தாய் கேட்டது நியாயமான கேள்வி. கனடாவில் பலன் கொடுத்த வேலை நம்ம கரையில் ஏன் பலன் கொடுக்கவில்லை? இது அவருடைய வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை, வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கிற எல்லாக் குடும்பத்துக்கும் இப்படி ஆலோசனைகள் வருகின்றன. ஆகவே அந்தச் சோதனை என்ன, அதில் நமக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்பதை இங்கே விளக்குகிறோம்.

வாசலில் பூட்டும் காத்தாடி

குளிர் நாடுகளில் ஒரு வீட்டில் காற்று எவ்வளவு கசிகிறது என்று அளப்பதற்கு ஒரு முறை உண்டு. வீட்டின் எல்லா யன்னல்களையும் வெளிக்கதவுகளையும் சாத்துவார்கள். முன் வாசலில் மட்டும், காற்றுப் புகாத சீலையை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்துவார்கள். விசிறி வீட்டுக் காற்றை வெளியே தள்ளும். உள்ளே காற்று குறையக் குறைய, வெளிக்காற்று கிடைத்த ஓட்டை, வெடிப்பு, இடுக்கு எல்லாவற்றாலும் உள்ளே புகும். புகுகிற காற்று எவ்வளவோ, அவ்வளவையும் விசிறி மறுபடி வெளியே தள்ள வேண்டும். ஆகவே விசிறி தள்ளும் காற்றை அளந்தால், வீட்டில் உள்ள ஓட்டைகளின் கணக்குத் தெரிந்துவிடும்.

இந்த அளவை எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும் என்பதற்காக, உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் 50 பாஸ்கல் வரும் வரை விசிறியை ஓட்டுவார்கள். 50 பாஸ்கல் என்பது சின்ன அழுத்தந்தான். குவளையில் 5 மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் அது அடியில் கொடுக்கிற அழுத்தம் அவ்வளவு. மணிக்கு 32 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்து, அது வீட்டின் எல்லாப் பக்கத்திலும் ஒரே நேரத்தில் மோதினால் எப்படியோ, அப்படி என்றும் சொல்லலாம்.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரமுள்ள காம்பராவில் 1,200 கன அடி காற்று இருக்கும். சோதனையின்போது விசிறி ஒரு மணித்தியாலத்தில் 12,000 கன அடி காற்றைத் தள்ளினால், அந்தக் காம்பராவின் காற்று மணிக்கு 10 தடவை மாறுகிறது என்று அர்த்தம். அதுதான் அந்த வீட்டின் எண். சாதாரண நாளில் 50 பாஸ்கல் அழுத்தம் இருக்காது. எனவே அந்த எண்ணை 20 ஆல் வகுத்தால், வழமையாக மணிக்கு எத்தனை தடவை காற்று மாறும் என்று உத்தேசமாகச் சொல்லலாம். நம்ம உதாரணத்தில் அது அரைத் தடவை.

இந்த முறை 1970களில் சுவீடனில் தொடங்கியது. 1973 ஆம் ஆண்டில் உலகத்தில் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியதும், குளிர் நாடுகள் வீட்டைச் சூடாக்கும் செலவைக் குறைக்க வழி தேடின. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1970களின் கடைசியில் இந்த விசிறியைக் கொண்டு வீடுகளைச் சோதித்தபோது, ஒரு விஷயம் அவர்களையே ஆச்சரியப்படுத்தியது. எல்லோரும் கதவையும் யன்னலையும்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். காற்றில் பெரும்பங்கு போனதோ, கூரைக்குக் கீழேயும் சுவருக்குள்ளேயும் இருந்த, கண்ணுக்குத் தெரியாத வழிகளால்!

1977 ஆம் ஆண்டில் கனடாவின் ரெஜைனா நகரில் ஒரு மாதிரி வீடு கட்டினார்கள். மாரியில் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை வரை போகிற ஊர் அது. அந்த வீட்டின் எண் 1 இலும் குறைவு. பின்னர் 1991 இல் ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கட்டிய வீடுகளிலிருந்து ஒரு தரம் உருவாகியது. அந்தத் தரத்தில் கட்டும் வீட்டின் எண் 0.6 ஐத் தாண்டக் கூடாது. இப்போது இங்கிலாந்திலும் பிரான்சிலும் புது வீடு கட்டினால் காற்றுக் கசிவுச் சோதனை நடத்திக் காட்ட வேண்டும் என்பது சட்டம்.

அக்கா மகன் சொல்லாமல் விட்டது

இதெல்லாம் சரி. ஆனால் கதையில் பாதிதான் நம்ம லயத்துக்கு வந்து சேர்ந்தது. மீதிப் பாதி என்ன?

முதலாவது, அங்கே அடைப்பது சூட்டைக் காப்பாற்ற. வெளியே உறைபனி; உள்ளே காசு கொடுத்து எரித்த சூடு. ஓட்டையால் போவது அந்தக் காசு. இங்கே நாம் வீட்டைச் சூடாக்கக் காசு கொடுப்பதில்லை. இலவசமாக வருகிற சூட்டை எப்படி வெளியே அனுப்புவது என்பதுதான் நம்ம கவலை. காற்றாடி, பல்ப், தொலைக்காட்சி மட்டும் பாவிக்கிற வீட்டில் கூரைச் சந்தை அடைத்தால் மின்சாரப் பட்டியலில் ஒரு யூனிட்கூடக் குறையாது. உண்மையில், வீடு வெக்கையாகிக் காற்றாடியைக் கூட நேரம் ஓட்டுவதால் பில் ஏறத்தான் செய்யும்.

இரண்டாவது, அங்கே வீட்டை இறுக்கமாக அடைத்தவர்கள் மூச்சு விடுவதற்கு வேறு வழியும் வைத்தார்கள். 1977 இல் கட்டிய அந்தக் கனடா வீட்டிலேயே, கெட்ட காற்றை வெளியே அனுப்பி நல்ல காற்றை உள்ளே எடுக்கும் யந்திரம் ஒன்று இருந்தது. வெளியே போகிற காற்றின் சூட்டை உள்ளே வருகிற காற்றுக்கு மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. அப்படி ஒரு யந்திரம் இல்லாமல் ஓட்டையை மட்டும் அடைப்பது, சட்டிக்கு மூடி போட்டு உள்ளே நாம் உட்காருவது போல.

மூன்றாவது, அந்த வீடுகளில் குசினிக்குள் விறகு எரிவதில்லை. நம்மிடம் எரிகிறது. 2022 இல் சமையல் காஸ் கிடைக்காமல் நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் மீண்டும் விறகடுப்புக்குத் திரும்பியதை நாம் மறக்கவில்லை.

எனவே எமது முடிவு இதுதான்: சோதனை நல்லது, நமக்கும் வேண்டும். ஆனால் எந்த ஓட்டையை அடைப்பது என்று தேடுவதைவிட, புகையும் வெக்கையும் வெளியே போகிறதா என்று பார்ப்பதற்குத்தான் அது நமக்கு அதிகம் உதவும்.

அடைக்க வேண்டிய இடம் இரண்டு

காசு கொடுத்துக் குளிராக்குகிற இடத்தில் மட்டும் நாமும் குளிர் நாட்டுக்காரர் மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அப்படி நம்ம வீடுகளில் இரண்டு இடம் உண்டு.

ஒன்று, குளிர்சாதனப் பெட்டி. அது இரவு பகலாக 24 மணித்தியாலமும் ஓடுகிறது. அதன் கதவைச் சுற்றியுள்ள இறப்பர் பட்டிதான் அதன் சுவர். நூறு ரூபாய்த் தாள் ஒன்றைக் கதவிடுக்கில் பாதி உள்ளே, பாதி வெளியே வைத்துக் கதவைச் சாத்துங்கள். பிறகு தாளை மெதுவாக இழுங்கள். இறுக்கிப் பிடித்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தால் குளிர் போகிறது. மேலே, கீழே, பிணைச்சல் பக்கம் என்று நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள். அநேகமாக எண்ணெயும் அழுக்கும் பிடித்துத்தான் பட்டி ஒட்டாமல் இருக்கும். இளஞ்சூட்டு சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, ஈரம் ஒற்றி எடுத்து, மறுபடி தாளை வைத்துப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் பட்டியை மாற்ற வேண்டும்.

மற்றது, ஏசி பூட்டிய அறை. வெளிநாட்டில் உழைத்து வந்த பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கென்று ஓர் அறைக்கு ஏசி பூட்டிக் கொடுக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். 30 பாகைச் சூட்டில் ஈரப்பதன் 80 வீதமாக இருந்தால், ஒரு கன மீற்றர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அறையை 25 பாகைக்குக் குளிராக்கி வைக்கும்போது, அதில் பாதியளவைத் தண்ணீராக மாற்றி வெளியே விடவேண்டியிருக்கும். ஏசிக் குழாயால் சொட்டுவது அந்தத் தண்ணீர்தான்.

நாம் மேலே சொன்ன 10 அடிக்கு 12 அடி அறையில், சந்துகளால் மணிக்கு ஒரு தடவை காற்று மாறுகிறது என்று வையுங்கள். எட்டு மணித்தியாலத் தூக்கத்துக்குள் கசிந்து வருகிற காற்று மட்டுமே மூன்று லீற்றர் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும். அதை நீக்கவும் அந்தக் காற்றைக் குளிராக்கவும் ஓர் இரவுக்கு முக்கால் யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை செலவாகும் என்பது எமது கணக்கு. மாதத்துக்கு 25 யூனிட் போல! பாவனை கூடக் கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுகிற முறை நம்ம நாட்டில் இருக்கிறது. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் எவ்வளவு ஏறியது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே ஏசி அறையின் கதவடி இடுக்கு, யன்னல் ஓரம், ஏசிக் குழாய் சுவரைத் துளைத்துப் போகிற இடம், சீலிங் மூலைகள் ஆகியவற்றை அடைப்பது கையில் காசு மிச்சம் பிடிக்கிற வேலை. அடைத்த அறையில் நெருப்பு, நுளம்புச் சுருள் எதையும் வைக்காதீர்கள். காலையில் எழுந்ததும் கதவு யன்னல்களைத் திறந்து புதுக் காற்றை விடுங்கள்.

அடைக்கவே கூடாத இடங்கள்

குசினி: உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றின் புகையால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தார்கள். அதில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல். இந்தப் புகையை அதிகம் விழுங்குவது அடுப்படியில் நிற்கிற பெண்களும், அவர்களின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளுந்தான். கர்ப்பிணித் தாய் புகையில் நின்றால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கும் ஆபத்தும் உண்டு.

கரி நெருப்பு: நம்ம பகுதியில் சிரட்டைக்கரிக்குப் பஞ்சமில்லை. மழை நாளில் துணி காய வைக்கவோ, பிள்ளை பெற்ற வீட்டில் சூடு காட்டவோ கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அருள்கூர்ந்து இதைச் செய்யாதீர்கள். கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகையாவது கண்ணைக் கரித்து எச்சரிக்கும், இது எச்சரிக்காது. தலைவலி, தலைச்சுற்று, வாந்தி, பிறகு மயக்கம். தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

நுளம்புச் சுருள்: பொழுது சாய்ந்ததும் நுளம்புக்குப் பயந்து கதவு யன்னலைச் சாத்திச் சுருளைக் கொளுத்துகிறோம். ஒரு சுருள் முழுதாக எரியும்போது வருகிற நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிப்பதற்குச் சமம் என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. அதைச் சாத்திய காம்பராவில் இரவு முழுக்கச் சுவாசிப்பது யார்? யன்னலுக்கும் மேல் சந்துகளுக்கும் நுளம்பு வலை அடித்தால் காற்று வரும், நுளம்பு வராது. படுக்கைக்கும் வலை கட்டுங்கள்.

கூரை: தகரமோ அஸ்பெஸ்டஸ் தகடோ, பகல் முழுக்க வெயில் குடித்த கூரைக்குக் கீழே சூடான காற்று சேர்ந்து நிற்கும். சூடான காற்று மேலேதான் போகும். மேலே வழி இருந்தால் அது வெளியேறும். கீழே யன்னலால் வேறு காற்று வரும். கொப்பரா சூளையில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. அடியில் காற்றுப் போகாவிட்டால் சிரட்டை எரியாது. மேலே ஈரக் காற்று வெளியேறாவிட்டால் கொப்பராவில் பூஞ்சணம் பிடிக்கும். வீடும் அப்படித்தான். ஒரு வழி போதாது. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று இரண்டு வழி வேண்டும்.

சோதனை செய்யும் முறை

விசிறிச் சட்டம், அளவுக் கருவி எதுவும் நமக்கு வேண்டியதில்லை. ஓர் ஊதுபத்தி, ஒரு நெருப்புப் பெட்டி, அரை மணித்தியாலம் நேரம் போதும். பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், புகை எங்கே ஓடுகிறது என்று அவர்கள் நம்மைவிடக் கெதியாகக் கண்டுபிடிப்பார்கள்.

1. முதலில் காஸ் மணம் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் நெருப்புக் குச்சியைத் தொடவே வேண்டாம். கதவு யன்னலைத் திறந்து விடுங்கள். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. அது தரையில்தான் தேங்கும். கதவடி இடுக்கால்தான் வெளியேறும்.

2. அடுப்பை முழுதாக அணைத்துவிடுங்கள். குளிர் நாடுகளிலும் விசிறியை ஓட்டுவதற்கு முன்னர் கணப்புகளை அணைத்துச் சாம்பலை மூடுவார்கள். விசிறி காற்றை வெளியே இழுக்கும்போது புகைபோக்கியால் போகவேண்டிய புகை வீட்டுக்குள் திரும்பி வந்துவிடும் என்பதே காரணம்.

3. ஊதுபத்தியைக் கொளுத்தி அறையின் நடுவில் அசையாமல் பிடியுங்கள். புகை நேராக மேலே போய் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். கிடுகு, சீலை, திரைச்சீலைக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்.

4. கதவடி, யன்னல் ஓரம், சுவரும் கூரையும் சேருமிடம், வயர் போகும் துளை என்று ஒவ்வோர் இடமாகக் காட்டுங்கள். புகை உள்ளே தள்ளப்பட்டால் அங்கே காற்று வருகிறது. வெளியே இழுபட்டால் அங்கே காற்று போகிறது. கரித்துண்டால் சுவரில் அம்புக்குறி போட்டு வையுங்கள்.

5. ஏசி அறையாக இருந்தால் எல்லாவற்றையும் சாத்தி, அடுத்த அறைப் பக்கமுள்ள கதவைக் கொஞ்சம் திறந்து, மேசை விசிறியை அந்த இடைவெளியில் வெளிப்பக்கமாகத் திருப்பி ஓட்டுங்கள். மீதி இடைவெளியைப் போர்வையால் மறையுங்கள். இதுதான் ஏழையின் வாசல் காத்தாடி! இப்போது சந்துகளில் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை சீறிக்கொண்டு உள்ளே வரும்.

6. இரவில் இன்னொரு வழி: அறைக்குள் ஒருவர் டோர்ச் அடிக்க, வெளியே ஒருவர் நின்று எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பார்க்கலாம்.

7. அடுத்த நாள் சமைக்கும்போது கவனியுங்கள். புகை எந்தப் பக்கம் போகிறது? அடுப்பை அணைத்த பிறகு எவ்வளவு நேரம் வீட்டுக்குள் நிற்கிறது? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை.

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்குக் காற்றுக் கடலிலிருந்து வேகமாக அடிக்கும். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று எதிர்ப்பக்கத்தால் வரும். ஆகவே இந்தச் சோதனையை வருடத்துக்கு இரண்டு முறை செய்தால்தான் முழு விபரமும் தெரியும்.

ஒரு காம்பராவின் புகை, லயத்தின் புகை

பழைய லயங்களில் காம்பராக்களுக்கு இடையேயுள்ள சுவர் பல இடங்களில் கூரை வரை போவதில்லை. ஊதுபத்தியை அங்கே பிடித்தால் புகை பக்கத்துக் காம்பராவுக்குள் போவதைப் பார்க்கலாம். ஒரு வீட்டின் அடுப்பு அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இருமல் கொடுக்கிறது. ஒரு வீட்டில் ஒருவருக்குக் காசநோய் இருந்தால், காற்றோட்டமில்லாத லயத்தில் அது மற்றவர்களுக்குத் தொற்றவும் இலேசான வழி கிடைக்கிறது. "நம்ம வீட்டை நாம அடைச்சிட்டோம்" என்று ஒதுங்கியிருக்க முடியாது. லயத்தில் எல்லோரும் ஒரே நாளில் சோதித்துப் பார்த்து, ஒன்றாகப் பேசி முடிவெடுப்பதுதான் நல்லது.

லயச் சுவரையோ கூரையையோ நீங்களாக உடைக்கவும் வேண்டாம். சுவர் பழையது, கூரையின் பாரம் அதில் நிற்கலாம். அஸ்பெஸ்டஸ் தகட்டை வெட்டவோ, துளைக்கவோ, உரசிக் கழுவவோ கூடாது; அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் பல வருடம் கழித்தும் வருத்தம் கொடுக்கும். சோதனையில் கண்டதைத் தாளில் எழுதி, எந்தக் காம்பரா, எந்தப் பக்கம் என்று குறித்து, நலன்புரி உத்தியோகத்தர் மூலம் தோட்ட நிர்வாகத்துக்குக் கொடுங்கள். "வீடு சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் பதில் வராது. "ஆறு காம்பராவில் கூரைக்குக் கீழே புகை போக வழியில்லை" என்று எழுதிக் கேட்டால் யாரும் வந்து பார்த்துத்தான் ஆகவேண்டும்.

அதுவரை செலவில்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. நன்றாகக் காய்ந்த விறகையே எரியுங்கள். ஈர மட்டைதான் அதிகம் புகைக்கும். முடிந்தால் இரண்டு சட்டி வைக்கிற அனகி மண் அடுப்பு ஒன்றை வாங்குங்கள். அதற்கு விறகு குறைவாகப் போகும். சமைக்கும்போது எதிரும் புதிருமாக இரண்டு வழிகளைத் திறந்து வையுங்கள். கைக்குழந்தையை அடுப்படியில் படுக்க வைக்காதீர்கள்.

மறுபடி அந்தக் காம்பராவுக்கு

அந்தத் தாயின் வீட்டிலும் ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தோம். புகை மேலே எழுந்து, கூரைக்குக் கீழே தட்டி, எங்கும் போக வழியில்லாமல் திரும்பிக் கீழே இறங்கியது. சின்னவள் அதைப் பார்த்து, "அம்மா, பொகை வீட்டுக்குள்ளயே சுத்துது" என்றாள். அதற்கு மேல் நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நிர்வாகத்திடம் சொல்லி, குசினிப் பக்கத்து மேல் சந்தின் சீமெந்தைப் பக்குவமாக எடுத்து, உரப் பைகளை இழுத்துப் போட்டு, அந்த இடத்துக்கு வலை அடித்தார்கள். எதிர்ப் பக்கத்துச் சின்ன யன்னலின் ஆணியையும் கழற்றினார்கள். நாங்கள் அடுத்த முறை போனபோது அந்தத் தாய் சொன்னார்: "முந்தி சோறாக்கி, சட்டி பானை கழுவி முடியிற வரைக்கும் பொகை நிக்கும் ஐயா. இப்ப அடுப்ப அணைச்ச கையோட போயிருது." பிள்ளையை மருந்தகத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியதாகவும் சொன்னார். அதையும் செய்தது மிக நல்லது. புகையை வெளியேற்றுவது நம்ம வேலை. இருமலுக்கு வேறு காரணம் உண்டா என்று பார்ப்பது வைத்தியரின் வேலை.

போகும்போது அவர் கேட்டார்: "அப்ப எங்க அக்கா மகன் செஞ்சது பிழையா?" பிழையில்லை அம்மா. அவருடைய ஊருக்கு அது சரி. அவர் வீட்டில் காப்பாற்ற வேண்டியது சூடு. உங்கள் வீட்டில் காப்பாற்ற வேண்டியது மூச்சு.

சகோதர சகோதரிகளே, இந்த இதழைப் படித்து முடித்ததும் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பாருங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் தலைவலியும் வாந்தியும் ஒரே நேரத்தில் பலருக்கு வந்தால், உடனே எல்லோரையும் வெளியே கூட்டி வந்து வைத்திய உதவி தேடுங்கள். உங்கள் லயத்தில் கண்ட விபரங்களை நலன்புரி உத்தியோகத்தரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். சுவரில் கரித்துண்டால் போட்ட அம்புக்குறிகளை நாங்கள் வரும்வரை அழிக்காமல் வையுங்கள்; வந்து பார்ப்போம்.